விமானத்துக்கு முப்பது வயது

என் கணவருடைய காரியம் முடிந்த அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை எனக்கே தருவதாகக் கரஸ்பாண்டென்ட் சொல்லி அனுப்பியிருந்தார். லேப் அட்டெண்டர் வேலை. மெஷின்களைத் துடைப்பது, சாமான்களை எடுத்து வைப்பது, அதோடு கல்லூரி வாசலில் நிற்கும் விமானத்தைக் கழுவுவது. வந்தவர் இவ்வளவையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்த நாட்களில் யார் என்ன கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் காலையில் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது என் முந்தானையால் அதைத் துடைத்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். சவரம் பாதியில் நிற்கிறதே, மீதியை யார் செய்வது என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது.

வீட்டில் என் நாத்தனார் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அழுதுடு அண்ணி. உள்ளயே வெச்சிக்கினு இருந்தா உடம்புக்கு ஆவாது" என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. தொட்டால் தொடுவது தெரிந்தது. தொடப்படுவது நான்தான் என்பது தெரியவில்லை. திருவள்ளூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுத அழுகைக்கு நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த விமானம் எப்படி எங்கள் ஊருக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் ஐடிஐ முடித்து விமானப்படையில் சேர்ந்தவர். அவர் வேலை விமானத்தின் உடம்பைப் பார்ப்பது. சிறகு, சக்கரம், கண்ணாடி, ஆணி. ஹைதராபாத் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் ரொம்ப வருஷம் இருந்தோம். புதிதாகச் சேர்ந்த பையன்கள் ஜெட் ஓட்டப் பழகுகிற இடம் அது. சின்ன விமானம். ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். முன்னால் பழகுகிற பையன், பின்னால் சொல்லிக் கொடுக்கிற அதிகாரி. எனக்கு அது வெறும் சத்தம். தொட்டிலில் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடுகிற சத்தம். எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லாப் பெண்களும் பேச்சை நிறுத்தி, அது தலைக்கு மேலே போன பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.

பணி முடிந்து சொந்த ஊர்ப் பக்கம் வந்து, கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு வீடு பிடித்தோம். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஆனார். விமானத்தைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். சுனாமிக்கு அடுத்த வருஷம் ஒருநாள் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டு நின்றவர், லாரி வரிசையில் ஒரு நீளமான டிரெய்லரைப் பார்த்திருக்கிறார். அதன் மேல் தார்ப்பாய் போட்டு மூடி, சிறகைக் கழற்றிப் பக்கத்தில் கட்டி, ஒரு விமானம். அந்த வகை விமானங்களைப் படையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆந்திராவிலிருந்து ஒன்று இந்த வழியாக வரும் என்று தெரியாது.

செக்போஸ்ட்டில் இருந்தவர் டிரைவரிடம், "இன்னா சரக்குன்னு எழுதறது? ஏரோப்ளேனுன்னா, பழைய இரும்புன்னா?" என்று கேட்டாராம். டிரைவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இவர் போய்த் தார்ப்பாயைத் தூக்கி வாலில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்திருக்கிறார். அவர் கைபட்ட விமானம். டீக்கு உண்டானதைக்கூடக் கொடுக்காமல் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு டிரெய்லர் பின்னாலேயே போய்விட்டார். நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு என்ஜினீயரிங் கல்லூரி வாசலில் போய் அது நின்றது. வாசலில் காட்சிக்கு வைக்கக் கரஸ்பாண்டென்ட் கேட்டு வாங்கியிருந்தார். சிறகைப் பூட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். இவர் பூட்டிக் கொடுத்தார். சிப்காட் வேலையை விட்டுவிட்டு அங்கேயே சேர்ந்தும் விட்டார்.

டிரெய்லர் வந்த அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நம்ம ப்ளேன் வந்துடுச்சி" என்றார்.

"நம்ம ப்ளேனா? அதுக்கு நாம இன்னா பண்ணணும்?" என்றேன்.

"கழுவணும்" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.

எங்கள் பகுதியில் எதை வைத்தாலும் கழுவத்தான் வேண்டும். இரும்பு உருக்குகிற ஆலைகளிலிருந்து வருகிற கருந்தூசி கொடியில் காயும் வேட்டியில் படியும், குடத்துத் தண்ணீரில் படியும். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்றில் உப்பு வேறு. இரண்டும் சேர்ந்தால் தகரம் எது, இரும்பு எது என்று பார்க்காமல் தின்னும். அதனால் அவர் வாரத்துக்கு ஒருநாள் விமானத்தை மேலிருந்து கீழ் வரை நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பார். அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள், "பாரு, ப்ளேனக் குளிப்பாட்றாரு" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

நான் வேலைக்குப் போன முதல் நாள், வாட்ச்மேன்தான் எனக்கு எல்லாவற்றையும் காட்டினார். தடா பக்கத்துக்காரர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். ஏணி எங்கே, பக்கெட் எங்கே, துணி எங்கே என்று காட்டிவிட்டு, "சாரு இந்த எடத்துல மட்டும்தாம்மா கால வெப்பாரு" என்று சிறகின் அடிப்பகுதியைக் காட்டினார். சிறகின் மற்ற இடங்களில் சின்னச் சிவப்பு எழுத்தில் நோ ஸ்டெப் என்று எழுதியிருந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். அதைப் படிக்க முடிந்தது.

பாத்திரம் தேய்ப்பது போலத்தான் கழுவினேன். வேறு எந்த நினைப்பும் இல்லை. மூக்கிலிருந்து தொடங்கி வால் வரை போவேன். தண்ணீர் கறுப்பாக ஓடும். அப்புறம் சாம்பல் நிறமாக, அப்புறம் வெறும் தண்ணீராக. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்ஜினை எடுத்துவிட்டார்கள் என்பதால் பின்னாலுள்ள குழாய் காலி. அதன் வாயிலும், காற்று உள்ளே போகும் இரண்டு ஓட்டைகளிலும் சிவப்புத் துணியில் தைத்த அடைப்புகள் சொருகியிருந்தன. கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் தைத்தவை. தலையணை உறை மாதிரி மூன்று தைத்துக் கொடு, உள்ளே பஞ்சு வைக்கணும் என்று ஒருமுறை கேட்டிருந்தார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்றில் ஓரம் பிரிந்திருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைத்துக் கொண்டுவந்து சொருகினேன்.

அப்படியே மாதங்கள் போயின. மகள் வாரக் கடைசியில் வருவாள். "எப்டி இருக்கம்மா?" என்பாள். "இருக்கேன்" என்பேன்.

ஒருநாள் கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெள்ளை வேட்டி சட்டையில் எப்போதும் ஏதாவது விழாவுக்குப் புறப்பட்டவர் போலவே இருப்பார். நல்ல மனிதர்தான். விழா என்றால் ஆசை. சக்கரம் இருக்கும் குழிக்குள் ஒரு தகட்டில் விமானம் செய்த வருஷம் இருப்பதை ஒரு வாத்தியார் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

"முப்பது வயசும்மா அதுக்கு! பொறந்தநாள் கொண்டாடிடலாம்னு இருக்கேன். கேக்கு, பந்தல், பேப்பர்காரங்க எல்லாம். அன்னிக்கி உங்க வீட்டுக்காரருக்கு உண்டான மரியாதையையும் பண்ணிடலாம். அதுக்கு முன்னாடி நல்லா பளபளன்னு பெயிண்ட் அடிச்சி வெச்சிடணும். இன்னா சொல்றீங்க?"

"சரிங்க" என்றேன்.

பெயிண்ட் அடிக்க வந்தவர் பழவேற்காட்டுக்காரர். கும்மிடிப்பூண்டி பஜாரில் கடை வைத்திருந்தார். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். படகுக்கும் லாரிக்கும் அடித்துப் பழகிய கை. விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இம்மாம் நாளு உப்புக் காத்துல நின்னும் துரு ஏறலியே. யாரோ நல்லா பாத்துக்கினு இருந்துக்கீறாங்க" என்றார். வாட்ச்மேன் என்னைக் காட்டினார். நான் இல்லை, அவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாய் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

சாரம் கட்டி, பழைய பெயிண்ட்டைச் சுரண்டும்போது பாய் மேலேயிருந்து கேட்டார். "எம்மா, இந்தப் பொடி எழுத்தெல்லாம் இருக்குதே, நம்பரு, நோ ஸ்டெப்பு, அம்பு குறி. எல்லாத்தயும் சேத்து அடிச்சிடட்டுமா? இதெல்லாம் இப்ப யாரு படிக்கப் போறாங்கோ?"

"வேணாம்" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. என் கணவர் போன பிறகு நான் யாரிடமும் வேணாம் என்று சொன்னதாக நினைவில்லை. பாய் கோபப்படவில்லை. "அப்ப நீயே வந்து டேப்பு ஒட்டிக்குடு தாயி. எனக்கு இங்கிலீசு வராது, எது எழுத்து எது அழுக்குன்னு தெரியாது" என்றார்.

லேப் வேலை முடிந்ததும் தினமும் ஏணியில் ஏறி, ஒவ்வொரு எழுத்தின் மேலும் டேப் வெட்டி ஒட்டினேன். சிறகின் அடியில், வாலின் ஓரத்தில், மூடிகளின் பக்கத்தில் எங்கெங்கோ இருந்தன. இங்கே தூக்கு, இங்கே தள்ளாதே, இங்கே எண்ணெய். எனக்குப் பாதி புரிந்தது. ஒரு உடம்பில் எங்கெங்கே தொடலாம், எங்கெங்கே தொடக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள்.

உட்காரும் இடத்தின் மேல் இருந்த கண்ணாடி மூடிதான் திறக்கவில்லை. உள்ளே சுத்தம் செய்யாமல் விழா நடத்த முடியாது என்றார் கரஸ்பாண்டென்ட். நானும் வாட்ச்மேனும் பாயும் மாறி மாறி இழுத்துப் பார்த்தோம். உடைந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டோம். என் கணவர் மட்டுமே அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அதைத் திறந்தவர், விழாவுக்குத் தலைமை தாங்க அழைத்திருந்த ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி. விழாவுக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சென்னையிலிருந்து காரில் வந்தார். மருமகள் ஓட்டிக்கொண்டு வந்தாள். எழுபதைத் தாண்டியவர். உயரமானவர், இப்போது வளைந்திருந்தார். இந்த வகை விமானத்தில்தான் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். வால் நம்பரைப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

இடது பக்கம் உடம்போடு உடம்பாக ஒட்டியிருந்த ஒரு பிடியை உள்ளே அழுத்தித் திருப்பினார். கண்ணாடி மூடி பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்துடன் எழும்பியது. உள்ளேயிருந்து அடைந்து கிடந்த வெக்கை வந்தது. ரப்பர், எண்ணெய், வியர்வை.

முன் இருக்கையில் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது. அதன் மேல் எவர்சில்வர் டம்ளர். பக்கத்தில் ஒரு பாக்கெட் ரேடியோ, என் கணவருடைய மூக்குக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை நாங்கள் வீடு முழுக்கத் தேடியிருக்கிறோம்.

நான் வாட்ச்மேனைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "சாரு காலீல கழுவி முட்ச்சிட்டு கொஞ்ச நேரம் உள்ள போயி குந்திக்கினு இருப்பாரும்மா. வெயில் ஏற்றதுக்குள்ள எறங்கிடுவாரு. இன்னாத்துக்கு சார்னு கேட்டேன். சும்மாதான் நைனான்னாரு."

"ரேடியோ கேக்கவா?"

"ரேடியோ பாடி நான் கேட்டதில்லம்மா."

அவற்றை எடுத்துக் கீழே வைத்தேன். டம்ளரில் ஒரு எறும்புகூட இல்லை. எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். டம்ளரைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்று தோன்றியது.

அதிகாரி மேலே ஏற வேண்டும் என்றார். மருமகள், "வேண்டாம் மாமா, முட்டி" என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பாயும் வாட்ச்மேனும் சாரத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் தாங்கி, அவரை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். முன் இருக்கையில் உட்காரப் போகிறார் என்று நினைத்தோம். அவர் தலையை ஆட்டி, "நான் எப்பவும் பின் சீட்டுதான். முன்னாடி பையன் உக்காரணும்" என்றார். பின்னால் இறங்கி உட்கார்ந்துகொண்டார். அப்புறம் கீழே என்னைப் பார்த்தார். "முன்னாடி காலியா இருக்கே. நீங்க வாங்கம்மா."

நான் சரி என்றேன். புடவையைச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். இருக்கை என் கணவர் உட்கார்ந்து அமுங்கிப் போயிருந்தது. எதிரே வட்ட வட்டமாக நின்றுபோன முட்கள். கண்ணாடிக்கு வெளியே நெடுஞ்சாலை, லாரிகள், தூரத்தில் புகைபோக்கிகள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தடி நின்றது.

பின்னாலிருந்து வந்த அதிகாரியின் குரல் மாறிவிட்டது. வளைந்த கிழவரின் குரல் இல்லை அது. "பெல்ட்?" என்றார். எனக்குப் புரியவில்லை. காத்திருந்தார். மறுபடியும், "பெல்ட்?" கீழேயிருந்து வாட்ச்மேன், "சொல்லும்மா" என்றார். "போட்டாச்சு சார்" என்றேன். அப்புறம் வரிசையாக ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டார். ஒவ்வொன்றுக்கும் சரி சார் என்றேன். கடைசியில், "ரெடியா?" என்றார்.

"ரெடி சார்."

என் முழங்கால்களுக்கு நடுவில் இருந்த தடி தானாக அசைந்தது. நான் பயந்து பின்னால் சாய்ந்தேன். இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது, மெல்ல என் வயிற்றை நோக்கி வந்தது. பின்னால் அவர் பிடித்திருக்கும் தடியும் இதுவும் ஒன்றாகக் கட்டப்பட்டவை. அங்கே அசைத்தால் இங்கே அசையும். அதைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

"இறுக்காதே. கோழிக்குஞ்சு பிடிக்கற மாதிரி பிடி. நசுக்கவும் கூடாது, தப்ப விடவும் கூடாது."

என் கைக்குள் அது இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மருமகள் கீழே நின்று கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தடி நின்றுவிட்டது.

நான் திரும்பாமலே கேட்டேன். "சார், எங்க வீட்டுக்காரரு அங்கதான் வேல பாத்தாரு. ஏர்ஃப்ரேம் ஃபிட்டரு. உங்களுக்கு அவர ஞாபகம் இருக்குங்களா?" பெயரையும் சொன்னேன்.

"இல்லம்மா" என்றார். "பொய் சொல்லக் கூடாது. எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. இந்த சீட்டு இருக்கே, ஆபத்துன்னா ஆளோட சேர்த்து வெளியே தூக்கி வீசும். தரையில நிக்கும்போது வெடிச்சிடக் கூடாதுன்னு ஊசி மாதிரி பின்களைச் சொருகி வச்சிருப்பாங்க. நாங்க கிளம்பறதுக்கு முன்னாடி பெல்ட்டைக் கட்டி விடறவர் அதை எல்லாம் உருவி, எண்ணிக்கோன்னு கையை உயர்த்திக் காட்டுவார். சிவப்பு ரிப்பன் தொங்கும். அந்தக் கை ஞாபகம் இருக்கு. யார் கைன்னு தெரியாது."

"சரிங்க சார்" என்றேன்.

விழா அன்று பந்தல் போட்டார்கள். விமானம் பளபளவென்று நின்றது. எழுத்துகளின் மேலிருந்த டேப்பை எல்லாம் முந்தின நாளே உரித்திருந்தேன். திருவள்ளூரிலிருந்து மகளும் வந்திருந்தாள். பெரிய மேஜையில் விமான உருவத்திலேயே கேக். வெட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் போட ஆள் ஓடினான். அந்த இடைவெளியில் வெள்ளை க்ரீமின் மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி தூசி படிந்துவிட்டது. கரஸ்பாண்டென்ட் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே நின்றார். பிறகு வெட்டினார்கள். எல்லாரும் அதைச் சாப்பிட்டோம்.

என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். மைக்கில் என் கணவர் பெயரைத் தப்பாகப் படித்தார்கள். முதல் வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் மகள் எழுந்து திருத்தப் போனாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

அதிகாரியைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விமானத்தையே பார்த்தார். "இது என்னை ஒருநாளும் கீழே போட்டதில்லை" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தார். "இதே மாதிரி இன்னொண்ணு என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தனைப் போட்டுடுச்சு. தனியா பறக்கப் போனான். நான்தான் அனுப்பினேன். நல்லா ஓட்டுவான்." மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கரஸ்பாண்டென்ட் எழுந்து நன்றி சொல்லி, எல்லாரையும் சாப்பிடப் போகச் சொன்னார்.

அந்தப் பையன் விழுந்த நாள் எனக்குத் தெரியும். காலையிலிருந்து தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டோம். குழந்தை எழாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அன்று என் கணவர் பொழுது சாய்ந்துதான் வந்தார். தட்டில் போட்ட சோற்றைத் தொடவில்லை. என்ன என்று கேட்டதற்கு, "நான்தான் கட்டி உட்டேன்" என்றார். பறவை மோதியதால் விழுந்தது, விமானத்தில் ஒரு குறையும் இல்லை என்று பிறகு விசாரணையில் சொன்னார்கள். அவர் அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை. அந்த ஒரு வாக்கியம்தான்.

சாப்பாட்டுப் பந்தலில் அதிகாரி இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். மருமகள் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"சார், அந்தப் பையன அன்னிக்கி சீட்டுல உக்கார வெச்சி கட்டி உட்டது எங்க வீட்டுக்காரரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எச்சில் கையைத் துடைத்துக்கொள்ளாமலே இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சரியாத்தான் கட்டியிருந்தார்" என்றார். "நான் கிட்ட போய்ப் பார்த்தேன். எல்லா பெல்ட்டும் சரியா இருந்தது. சீட்டோட பின்னை எல்லாம் உருவிக் காட்டினார். நான் பார்த்தேன்."

அது அவருக்கு உண்மையிலேயே நினைவிருந்ததா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு விமானத்துக்குள் உட்கார்ந்து, பொய் சொல்லக் கூடாது என்று சொன்ன மனிதர். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று மட்டும் நினைத்தேன். இதைக் கேட்டிருக்க வேண்டியவர் காலையில் கழுவி முடித்துவிட்டு அந்த முன் இருக்கையில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். "மோர் ஊத்தச் சொல்லட்டுங்களா சார்?" என்று கேட்டேன். சொல்லச் சொன்னார்.

மகளிடம் வீட்டுக்கு வருகிற வழியில் ஷேர் ஆட்டோவில் இதைச் சொன்னேன். அவள் அப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் மற்றவர்கள் இருப்பதையும் பார்க்காமல் அழுதாள். "உனக்கு ஒண்ணுமே தோணலியாம்மா?" என்றாள்.

"தெரியல" என்றேன். "நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரின்னு சொல்லுவாங்களே, அதுகூட இல்ல. ஒண்ணும் இல்ல."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கும்மிடிப்பூண்டி வரும் வரை அப்படியே வந்தோம்.

அடுத்த வருஷம் விமானத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடவில்லை. கரஸ்பாண்டென்ட் கல்லூரிக்குள் ஒரு பிள்ளையார் கோயில் கட்டத் தொடங்கியிருந்தார், கவனம் அதில் போய்விட்டது. பிறகு நெடுஞ்சாலையை அகலப்படுத்த முன் பக்கத்து நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. நான் கரஸ்பாண்டென்ட் ரூமுக்குப் போய்ச் சொல்வதற்குள் பாய் போய்ப் பேசிவிட்டார். "நான் அட்ச்ச பெயிண்ட்டுங்க. ஒடைக்கறதுன்னா சொல்லுங்க, நானே எங்கூருக்கு எடுத்துக்கினு போறேன்" என்றாராம். ஒரு கிரேன் வந்து அதைத் தூக்கிக் கேன்டீன் பக்கத்தில் வேப்ப மரங்களுக்கு நடுவில் இறக்கியது. ஒரு சிறகின் நுனி மரத்தில் உரசி மடங்கியது. அதை யாரும் நிமிர்த்தவில்லை. மற்றபடி இன்னும் நன்றாகவே இருக்கிறது.

எனக்கு இடுப்பு வலி வந்த பிறகு கெமிஸ்ட்ரி லேபுக்கு மாற்றினார்கள். கழுவுகிற வேலையைப் புதிதாக வந்த ஒருவர் பார்க்கிறார். அவரும் நன்றாகத்தான் செய்கிறார். தினமும் காலையும் மாலையும் கேன்டீன் வழியாகப் போகும்போது விமானத்தைப் பார்த்துக்கொண்டு போவேன். அதற்கு ஒரு காரணமும் இல்லை. கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேனுக்குத் தலையசைப்பது மாதிரி.

ஒருநாள் சாயங்காலம் வீட்டில் உலை வைத்து அரிசி களைந்து போட்டேன். திடீரென்று, இன்றைக்குப் பார்க்கவில்லை என்று நினைவு வந்தது. போகும்போதும் பார்க்கவில்லை, வரும்போதும் பார்க்கவில்லை. லேபில் புதிதாக வந்த அமிலப் பாட்டில்களைப் பற்றி யோசித்துக்கொண்டே நடந்திருக்கிறேன். நாள் முழுக்க அதையும் நினைக்கவில்லை, அவரையும் நினைக்கவில்லை. அடுப்பங்கரையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. சோறு கொதித்துக் கொதித்துக் குழைந்து போயிற்று. அப்புறம் எழுந்து அடுப்பை அணைத்து, அந்தக் குழைந்த சோற்றிலேயே மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.